வேஷம் கழற்றாமல் போன மாமிக்கு

நேற்று மதியம் டவுன் பஸ்ஸில் ஒரு மீன்காரம்மா வந்து எனக்கு முன்னால் நின்றார். காலியான அலுமினியக் கூடையை இடுப்பில் இடுக்கியிருந்தார். கழுத்து வெள்ளையாகத் தெரியும்படி பவுடர் போட்டிருந்தார். மீன் கவிச்சியும் பவுடர் மணமும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் இடது முழங்கையின் உட்பக்கம் அரிக்கத் தொடங்கியது. இறங்குவதற்குள் மூன்று தடிப்புகள். நீங்கள் செத்து எட்டு மாதம் ஆகிவிட்டது மாமி. இன்னும் என் கையில் எழும்புகிறீர்கள்.

உயிரோடு இருந்தபோது உங்களை நான் எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. குழுவில் மற்றவர்கள் மாமி என்றார்கள். நான் மனதுக்குள் வேறு பெயர்கள் வைத்திருந்தேன், அவற்றை இங்கே எழுத முடியாது. இறந்தவர்களைப் பற்றி நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்கிறார்கள். உங்களைப் பற்றி எழுத என்னிடம் நல்லது ஒன்றிரண்டுதான் இருக்கிறது. அதையும் எரிச்சலோடுதான் எழுதுவேன்.

என் உடம்பைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் மறுபடி சொல்கிறேன், ஏனென்றால் முதல் தடவை நான் சொன்னபோது பாதியிலேயே கொட்டாவி விட்டீர்கள். பத்து வயதில் தொடங்கியது. யாராவது சத்தம் போட்டால் போதும், கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏதோ கடித்ததுபோலத் தோல் திட்டுத் திட்டாகத் தடித்துச் சிவக்கும். எங்கள் பக்கம் காணாக்கடி என்பார்கள். கம்பளியால் தேய்த்தார்கள். வெற்றிலையில் மிளகை வைத்து மெல்லக் கொடுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தமெல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவள், ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி இடம் மாறி உட்கார்ந்தாள். அரையாண்டுப் பரீட்சையோடு நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திக்கொண்டேன்.

அப்பா துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். எஞ்சின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. அவருடைய பைக் தெருமுனையில் திரும்பும்போதே எனக்குக் கழுத்து அரிக்கும்.

தோல் டாக்டர்தான், மாத்திரையோடு சேர்த்து, வியாழக்கிழமைதோறும் ஒரு நாடகக் குழுவுக்கும் போகச் சொன்னார். மனதில் இருக்கும் பாரம் உடம்பில் இறங்கி நோயாக நிற்கிறவர்களுக்கான குழு என்றார். அம்மாவுக்கு அது பிடிபடவில்லை. “இவ நடிக்கான்னுதான் எல்லாரும் சொல்லுதாவ டாக்டர். இப்ப நீங்களும் நடிக்கப் போகச் சொல்லுதீய” என்றாள்.

கடற்கரைப் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்குப் பின்னால், முன்பு வலைகள் போட்டு வைத்திருந்த நீளமான கொட்டகையில்தான் குழு கூடியது. மொத்தம் ஏழு பேர். நடத்திய மிஸ் நாகர்கோவில்காரர், அதற்கென்றே படித்தவர். முதல் நாள் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் பெயர் சொன்னோம். என் முறை வந்தது. எனக்குக் குரல் எழும்பவில்லை. மிஸ் பொறுமையாகக் காத்திருந்தார். நீங்கள் காத்திருக்கவில்லை.

“இந்தப் புள்ள யாரு, சிப்பி மாதிரி மூடிக்கிட்டு இருக்கா? ஏளா, உள்ள முத்து கெடக்கா, இல்ல வெறுஞ் சேறுதானா?”

எல்லாரும் சிரித்தார்கள். என் இரண்டு கையும் சிவந்து தடித்தன. நீங்கள் அதையும் விரல் நீட்டிக் காட்டினீர்கள். “அங்கன பாருங்க, கேட்டதுக்குக் கையில பதில் எழுதுதா.”

அன்றிலிருந்து நான் சிப்பி. என் பெயரை நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. உங்களுக்கு அது தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

உங்களுக்கு ரத்தக்கொதிப்பு, பின்மண்டையில் இடி. “எம் பிரசரு வீட்ல சேலை கட்டிக்கிட்டு ஒக்காந்துருக்கா மிஸ். எம் மருமவ. அவளுக்கு மாத்திரை குடுங்க, எனக்குச் சரியாயிரும்” என்பீர்கள். ஒரு நாள் மிஸ், அவரவர் நோயை ஓர் ஆளாக நினைத்து நடந்து காட்டச் சொன்னார். உப்பளத்தில் மேஸ்திரியாக இருக்கும் அண்ணாச்சிக்குக் குடல்புண். அவர் இடுப்பில் கையை வைத்து, இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டு நடந்தார். “அண்ணாச்சி, ஒங்க வயித்துவலிக்கு மீசை வேற இருக்கா? செரைச்சு விடுங்க, பாதி கொறைஞ்சிரும்” என்றீர்கள். அவர் சிரித்துச் சிரித்து நிஜமாகவே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நானும் சிரித்தேன், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு. உங்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது அல்லவா?

உங்களைப் போல நடிக்க அங்கே ஆளில்லை. இதுதான் நான் சொன்ன அந்த நல்லது. காலையில் எழுந்ததும் செய்வதையெல்லாம் வாய் பேசாமல் செய்து காட்டுங்கள் என்றபோது, வெறுங்கையால் மீன்கூடையைத் தூக்கித் தலையில் வைத்தீர்கள். எங்களுக்குக் கழுத்து வலித்தது. பிறகு அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி, அண்ணாந்து விழுங்கி, முகத்தைச் சுளித்தீர்கள். எங்கள் வாயும் கசந்தது. எல்லாரும் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஓட்டப்பிடாரம். பெண் பார்க்க வந்த அன்று அப்பா என்னைப் பின்னறையில் இருக்கச் சொன்னார். நிச்சயத்தன்றும் அப்படியே. கல்யாணத்துக்கு முதல்நாள் என்னைப் புதுக்கோட்டையில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விடுவது என்று முடிவானது. அதை என்னிடம் சொல்லும்போது அம்மா எனக்குத் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் உட்கார்ந்து சொன்னால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

மிஸ்ஸிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: ‘எங்க அக்கா கல்யாணத்தில் நான் நிற்க வேண்டும். அப்பாவிடம் சொல்லத் தெரியவில்லை.’

சொல்லிப் பழகலாம் என்றார் மிஸ். அப்பாவாக யார் நடிக்க வேண்டும் என்று கேட்டார். நான் அண்ணாச்சியைக் காட்டினேன். நீங்கள் எழுந்துவிட்டீர்கள். “அவரு அப்பனா நடிச்சா அதுவும் வயித்துவலி மாதிரிதான் இருக்கும். நா வாரேன்.” அண்ணாச்சியின் தோளில் கிடந்த துண்டை உருவி உங்கள் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தீர்கள்.

நம் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. யார் யாராக நடித்தாலும், முடிந்ததும் வேஷத்தைக் கழற்ற வேண்டும். எதிரில் நிற்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் உன் மாமியார் இல்லை, நான் இன்னார், காலையில் இன்னது சாப்பிட்டேன்” என்று சொல்ல வேண்டும். சாப்பாட்டைச் சொன்னால் ஆள் தன் உடம்புக்குத் திரும்பி வந்துவிடுவார் என்று மிஸ் சொல்வார். அண்ணாச்சி எப்போதும் “ரெண்டு இட்லி, மூணாவதுக்குச் சட்னி இல்ல” என்பார். கழற்றாமல் போனால், நடித்தவர் நம் வீட்டுக்குள் அந்த ஆளாகவே வந்து உட்கார்ந்துகொள்வார் என்றும் மிஸ் சொல்லியிருந்தார். அது உங்களுக்கும் தெரியும்.

“என்னளா வேணும்?” என்று தொடங்கினீர்கள்.

“கல்யாணம்…”

“ஆருக்கு? ஒனக்கா?”

“அக்காவுக்கு. நானும்… வரணும்.”

“வந்து? மணவறைப் பக்கத்துல நின்னு சொறிவியா?”

யாரும் சிரிக்கவில்லை. நீங்கள் முன்னால் குனிந்து குரலைத் தணித்துக்கொண்டீர்கள். என் அப்பாவுக்குக் குரலைத் தணிக்கவே தெரியாது.

“நான் ஒன்ன அடிச்சனா? பட்டினி போட்டனா? ஒரே ஒரு நாள்தான, யாரு கண்ணுலயும் படாம இருன்னு சொல்லுதேன். பின்வாசல் கதவச் சாத்திக்க. சாப்பாடு உள்ள வரும். ஒந் தம்பி கல்யாணம் நல்லபடியா முடியட்டும்.”

எனக்குத் தம்பி கிடையாது. மற்றவர்கள் அதைக் கவனிக்கவில்லை. அப்போது எனக்கும் அதை யோசிக்க நேரமில்லை. கழுத்து, முகம், உதடு என்று எல்லாம் எரிந்துகொண்டிருந்தன.

“நிப்பேன்” என்றேன். “அரிச்சாலும் நிப்பேன். நீ யாரு என்னைய உள்ள போகச் சொல்ல?”

பெரியவர் யாரையும் நான் அதுவரை நீ என்று பேசியதில்லை. கொட்டகையின் தகரக்கூரை என் சத்தத்தை எனக்கே திருப்பித் தந்தது. நீங்கள் அப்பாவாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். திட்டியாவது இருக்க வேண்டும். என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

மிஸ் கைதட்டி நிறுத்தினார். “போதும் மாமி. வேஷத்தைக் கழத்துங்க.”

நான் கையை நீட்டினேன். நீட்டிய கையெல்லாம் தடிப்பு. நீங்கள் எழுந்து, துண்டை அண்ணாச்சியிடம் எறிந்துவிட்டுக் கூடையை எடுத்தீர்கள்.

“பஸ்ஸு போயிரும் மிஸ்.”

“ஒரு நிமிஷம்தான் மாமி.”

“நான் சொன்னதுல என்ன பொய்யி இருக்கு? வேணும்னா அவள கழத்தச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வியாழக்கிழமை வந்தீர்கள். மிஸ் கேட்கும்போதெல்லாம் தலைவலி என்றீர்கள், அடுத்த வாரம் சொல்கிறேன் என்றீர்கள். என்னிடம் மட்டும் அந்தக் குரலில்தான் பேசினீர்கள். நான் கேட்டுக்குள் நுழைந்தால், “ஏளா, உள்ள போ. கதவச் சாத்திக்க” என்பீர்கள். மற்றவர்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வீட்டில் ஒரு அப்பா, கொட்டகையில் ஒரு அப்பா என்று ஆகிவிட்டது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். இனி வரமாட்டேன் என்று மிஸ்ஸிடம் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வியாழன் உங்களை உட்காரவைத்துக் கழற்றச் செய்யாமல் அனுப்பமாட்டேன் என்று அவர் சொன்னார்.

அந்த வியாழன் நீங்கள் வரவில்லை. காலையில் மீன் ஏலக்கூடத்தில், விலை கேட்டுக் கையைத் தூக்கியவர் அப்படியே சரிந்துவிட்டீர்களாம். மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துபோனது. உங்கள் மருமகள் மிஸ்ஸிடம் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினாராம். உள்ளே நான்கு மாத மாத்திரை அட்டைகள், ஒன்றைக்கூடப் பிதுக்கவில்லை. நாங்கள் கைதட்டிய மாத்திரை மாமி அது. நாடகத்தோடு மாத்திரையும் வேண்டும் என்று மிஸ் வாரந்தவறாமல் சொன்னார். உங்களுக்கு நாடகத்தில் விழுங்கியதே போதும் என்று ஆகிவிட்டது.

அண்ணாச்சி அழுதார். நான் அழவில்லை. முதலில் எனக்குத் தோன்றியது, ‘அப்படியானால் இனி யார் கழற்றுவார்?’ என்பதுதான்.

முப்பதாம் நாள் பூசைக்குக் குழுவோடு நானும் வந்தேன். ஏன் வந்தேன் என்று தெரியாது. நீங்கள் செத்தது உறுதிதானா என்று பார்க்க வந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதா கோவிலிலிருந்து எல்லாரும் உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். கூட்டம் தாங்காமல் நான் தெருவுக்கு வந்தேன். எதிரே, கரண்டு கம்பத்தின் அடியில் ஒரு பெண் துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். இரண்டு கையிலும் உதட்டைச் சுற்றியும் வெள்ளைத் திட்டுகள்.

“நீ அந்த நாடகத்துக்குப் போற புள்ளையா?” என்று கேட்டார். தலையாட்டினேன். “நான் அவுக மவ. கோயம்புத்தூர்ல மில்லுல இருக்கேன்.”

உங்களுக்கு மகள் இருப்பதாக யாரும் சொன்னதில்லை. நீங்களும் சொன்னதில்லை.

“உள்ள வரலியா?” என்று கேட்டேன்.

“தம்பி கல்யாணத்தன்னைக்கு வெளிய வரக் கூடாதுன்னாவ. பொண்ணு வீட்டுக்காரவ பாத்தா கல்யாணம் நின்னு போவும்னு. ஒரேயடியா வெளிய வந்துட்டேன். பதினாறு வருசம் ஆச்சு. இப்ப மட்டும் யாரக் கேட்டு உள்ள போறது?” சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். பிறகு கேட்டார்: “என்னையப் பத்தி அங்கன ஏதாவது பேசுனாவளா?”

புது ஆளிடம் வாயைத் திறக்க எனக்கு மாதக்கணக்கில் ஆகும். அந்தக் கம்பத்தின் அடியில் நின்று, நாற்காலியில் உட்கார்ந்து நீங்கள் பேசியதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். “பின்வாசல் கதவச் சாத்திக்க” என்று நான் சொன்னதும், “சாப்பாடு உள்ள வரும்” என்று அவர் முடித்தார்.

பையைத் தோள் மாற்றிக்கொண்டு, “அதுக்கு நீ என்ன சொன்ன?” என்றார்.

“நிப்பேன்னு சொன்னேன்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “நான் சொல்லல. பைய எடுத்தேன்.” பிறகு, “அதுக்கு அவுக?”

“ஒண்ணும் சொல்லல. பஸ்ஸு போயிரும்னு போயிட்டாவ.”

“எங்கம்மாவுக்கு என்னைக்குப் பஸ்ஸு?” என்றார் உங்கள் மகள். “ஷேர் ஆட்டோதான அவுகளுக்கு.”

உள்ளே கூப்பிட்டுப் பார்த்தேன். வரவில்லை. சாப்பாடு எடுத்து வரட்டுமா என்று கேட்கப் போனேன், வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். நல்லவேளை.

நான் உன் அப்பா இல்லை என்று உங்களால் ஏன் சொல்ல முடியவில்லை என்பது எனக்கு அன்று தெரிந்துவிட்டது. தெரிந்ததால் கோபம் குறையும் என்று மிஸ் சொன்னார். குறையவில்லை. கூடியது. கோயம்புத்தூருக்குப் போய் ஒருத்தியிடம் சொல்ல வேண்டியதை, பேசத் தெரியாத ஒரு பதினேழு வயதுக்காரியின் தலையில் இறக்கினீர்கள். அதுவும் வருத்தத்தை அல்ல, அதே பழைய ஏச்சை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது வேறு விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கலாமே. ‘நில்லு’ என்று ஒரு சொல். அதற்காகத்தானே அந்தக் கொட்டகையில் எல்லாரும் நடித்தோம். நாடகத்தில்கூட அதைச் சொல்ல உங்களுக்கு மனம் வரவில்லையா மாமி?

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் அந்தக் கம்பத்தடிதான் நின்றது. நாற்பது வயதில் நான் எந்தத் தெருவில் பையோடு நிற்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, “நான் அக்கா கல்யாணத்துல நிப்பேன். சித்தி வீட்டுக்குப் போக மாட்டேன்” என்றேன்.

அப்பா தலையைத் தூக்கினார். “ஒன்ன யாரு போகச் சொன்னா?”

“நீங்கதான்.”

“நான் எப்பளா சொன்னேன்? கல்யாண வீட்ல ஆயிரம் வேல கெடக்கு, இவ சித்தி வீட்டுக்குப் போறாளாம்.” அம்மாவைப் பார்த்து, “ரசம் ஊத்து” என்றார்.

அம்மா கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே நினைவில்லை. என்னை இரண்டு தடவை பின்னறையில் வைத்துச் சாத்தியது அவருக்கு ஒரு சங்கதியாகவே பதியவில்லை. உங்களிடம் பழகி வைத்திருந்த கத்தல் எல்லாம் எனக்குள்ளேயே நின்றுபோனது. நீங்கள் நடித்த அப்பா என் அப்பாவைவிடக் கொடியவர். என் அப்பா வெறும் மறதிக்காரர். இரண்டில் எது மோசம் என்று இன்னும் என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

போன வாரம் மிஸ் ஒரு காலி நாற்காலியைப் போட்டு, உங்களுக்குப் பதிலாக என்னையே கழற்றச் சொன்னார். ‘நீங்கள் என் அப்பா இல்லை’ என்று சொல்லிவிட்டால் போதுமாம். முடியாது என்றேன். அது உங்கள் வேலை. செய்யாமல் போனது போனதாகவே இருக்கட்டும்.

வைகாசியில் அக்காவின் கல்யாணம் நடந்தது. நான் நின்றேன். எனக்கு ஒன்றும் குணமாகிவிடவில்லை. தாலி கட்டும்போதே கழுத்திலிருந்து தாடை வரை தடித்துச் சிவந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் ஒருத்தி மற்றவளிடம் ஏதோ சொன்னாள், இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அக்காவுக்குப் பின்னால் அப்படியே நின்றேன். குடும்பத்தோடு போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். போட்டோக்காரர் கேமராவிலிருந்து தலையை எடுத்து, “தங்கச்சி, கவலப்படாத. கழுத்துல செவப்பா இருக்கத எல்லாம் கம்ப்யூட்டர்ல அழிச்சிருவேன்” என்றார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

“ஆமா தம்பி, அழிச்சிரு” என்றார் அப்பா.

“அழிக்காதீய” என்றேன்.

மேளம் ஓய்ந்திருந்த நேரம். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பந்திக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். அக்கா திரும்பினாள். நான் அப்பாவைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னேன். “அழிக்க வேண்டாம். இப்படித்தான் நின்னேன்.”

அந்தக் குரலை நான் முதன்முதலில் எறிந்தது உங்கள் முகத்தில்தான். நீங்கள் எனக்குக் கொடுத்ததில்லை அது, உங்களை எதிர்த்துக் கிளம்பியது. அதனால் உங்களுக்கு நன்றி சொல்லமாட்டேன். ஆனால் அது போகவில்லை மாமி. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.